எழுதிய கட்டுரை எந்தக் கோப்பில் இருக்கிறது?

தளம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. வானியலைத் தமிழில் எளிமையாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நிறுவி, தளத்தின் தோற்றத்துக்குப் பிடித்த ஒரு தீம் போட்டு, நான்கு கட்டுரைகளும் எழுதிவிட்டேன். சரி, இவற்றுக்கு ஒரு நகல் எடுத்து நம் கணினியில் வைத்துக்கொள்வோம் என்று, கோப்புகளைப் பரிமாற உதவும் எஃப்டிபி வழியாக சர்வருக்குள் போனேன். ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் கோப்புகள் கிடந்தன, என் கட்டுரை மட்டும் இல்லை. வியாழன் என்று தேடினேன், நிலவு என்று தேடினேன், எதுவும் அகப்படவில்லை. பிரவுசரில் திறந்தால் கட்டுரை கண்ணெதிரே இருக்கிறது, சர்வரில் தேடினால் காணோம். அன்று இரவு தூங்கப் போகும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு முன் வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லைக் கையாலேயே எழுதி ஒரு சிறு தளம் செய்திருந்தேன். அங்கே ஒரு பக்கம் என்றால் ஒரு கோப்பு. கிட்டத்தட்ட முப்பது பக்கங்கள், முப்பது கோப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் அதே மெனு. மெனுவில் புதிதாக ஒரு இணைப்பு சேர்க்க வேண்டுமென்றால் முப்பதையும் திறந்து திருத்த வேண்டும், அதில் இரண்டு விட்டுப்போகும், விட்டுப்போனது எவை என்று கண்டுபிடிக்க இன்னொரு மாலை போகும். அந்த அலுப்பு தாங்காமல்தான் வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, அதாவது எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிற சி.எம்.எஸ். பக்கம் வந்தேன். ஆனால் பழைய பழக்கம் மனதில் அப்படியே இருந்தது. பக்கம் என்றால் எங்கோ ஒரு கோப்பு இருந்தே ஆக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு கோப்பு இல்லவே இல்லை என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். நேர்மையாகச் சொன்னால், அதற்கு அப்புறம் கற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஹோஸ்டிங் கணக்குக்குள், தளத்தின் தகவல்கள் சேமிக்கப்படும் தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க பிஎச்பிமைஅட்மின் என்று ஒரு கருவி இருந்தது. அதுவரை அதைத் தொடவே பயம். அன்று துணிந்து திறந்தேன். எதையும் மாற்றுவதில்லை, பார்ப்பது மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே தரவுத்தளத்தில் 12 அட்டவணைகள். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸில் இருப்பது இவ்வளவுதான், பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள், சேரச் சேர எண்ணிக்கை கூடும். அதில் ‘போஸ்ட்ஸ்’ என்று முடிகிற அட்டவணையைத் திறந்ததும் என் கட்டுரை அங்கே இருந்தது. ஒரு வரிசையில் தலைப்பு, உள்ளடக்கம், எழுதிய தேதி, எழுதியவரின் எண், வெளியானதா இல்லையா என்ற நிலை, எல்லாம் தனித்தனிக் கட்டங்களில். கீழே பார்த்தால் அதே கட்டுரை மறுபடியும். அதற்குக் கீழே இன்னொரு முறை. நான் சேமித்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு பழைய வடிவம் தனி வரிசையாக நின்றது. எண்ணிப் பார்த்தேன், வியாழன் கட்டுரை மட்டும் 14 வரிசை. இரண்டாம் நாள் நான் அழித்துவிட்டு அப்புறம் வருந்திய ஒரு பத்தி ஆறாவது வரிசையில் பத்திரமாக இருந்தது! எடிட்டரிலேயே ‘திருத்தங்கள்’ என்ற இடத்தை அழுத்தினால் இதெல்லாம் வரிசையாகத் தெரியும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

அதே அட்டவணையில் இன்னும் ஒன்று வியப்பாக இருந்தது. ‘எங்களைப் பற்றி’ பக்கம் அங்கே, ஏற்றிய படங்கள் பற்றிய விவரம் அங்கே, மெனுவில் இருந்த ஒவ்வொரு இணைப்பும் அங்கே. எல்லாம் ஒரே அட்டவணை, வகை என்ன என்று சொல்கிற ஒரு கட்டம்தான் வேறுபாடு. மெனுவில் உள்ள ஓர் இணைப்பை ‘பதிவு’களோடு சேர்த்து ஏன் வைக்க வேண்டும்? இதற்கு விடை வேர்ட்பிரஸின் பிறப்பில் இருக்கிறது. பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் பராமரிப்பு நின்றுபோனபோது, அதன் நிரலை எடுத்து மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடர்ந்தார்கள். முதல் வெளியீடு 2003 மே 27. நாள்வாரியாகப் பதிவு எழுதுவதற்காகப் பிறந்த கருவி அது. தேதி சாராத நிலையான பக்கங்களும் இன்றைய வடிவிலான தீம்களும் 2005இல் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தன. நாமே புதிய உள்ளடக்க வகைகளை வசதியாக உருவாக்கிக்கொள்வது 2010இல் வந்த 3.0 பதிப்பில். வீடு சிறியதாகக் கட்டப்பட்டு, தேவைக்கேற்ப அறைகள் சேர்ந்துகொண்டே போன கதை. இதைத் தெரிந்துகொண்டபின் பல விநோதங்கள் எனக்கு விநோதமாகத் தெரியவில்லை.

சரி, கட்டுரை தரவுத்தளத்தில் இருக்கிறது, அப்படியென்றால் வாசகர் பார்க்கிற பக்கம் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவர் முகவரியைத் தட்டும் அந்த நொடியில் அது கட்டப்படுகிறது. வேர்ட்பிரஸ் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. வந்த முகவரியைப் பார்த்து, இவர் கேட்பது எந்தப் பதிவு என்று கண்டுபிடித்து, தரவுத்தளத்திலிருந்து அந்த வரிசையை எடுத்து, தீமில் உள்ள ஒரு வார்ப்புருவில் ஊற்றி, எச்டிஎம்எல்லாக அனுப்புகிறது. தனிப்பதிவு என்றால் தீமில் அதற்கென்று ஒரு வார்ப்புரு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் அதைவிடப் பொதுவான ஒன்று. அதுவும் இல்லாவிட்டால் கடைசியில் ‘இண்டெக்ஸ்’ என்ற கோப்பு. என் முப்பது கோப்புகளிலும் திரும்பத் திரும்ப ஒட்டிய மெனு இங்கே ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால்தான் ஒருமுறை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறுகிறது.

இது புரியாத காலத்தில் தீம் மாற்றுவது எனக்கு ஒரு பெரிய கண்டமாக இருந்தது. ஒருமுறை வேறொரு தீமை இயக்கியதும் முகப்பு அலங்கோலமாகி, பக்கப்பட்டையில் இருந்தவை மறைந்து, மேலே மெனுவும் காணாமல் போக, எல்லாம் போய்விட்டது என்று பதறி அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். எதுவும் போகவில்லை. கட்டுரைகள் தரவுத்தளத்தில் அசையாமல் இருந்தன. மெனுவும் இருந்தது, புதிய தீமில் அது எந்த இடத்தில் வர வேண்டும் என்று சொல்லாததுதான் குறை. பக்கப்பட்டைத் துண்டுகள் ‘செயலற்றவை’ என்ற பகுதிக்கு ஒதுங்கியிருந்தன. நிறம், லோகோ போன்ற தெரிவுகளை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாகச் சேமிக்கிறது, அதனால் பழைய தீமுக்குத் திரும்பியதும் பழைய தோற்றம் அப்படியே வந்தது. உள்ளடக்கம் ஓரிடத்தில், தோற்றம் வேறிடத்தில். புதிதாகக் கற்க வருகிற யாருக்கும் நான் முதல் நாளே செய்யச் சொல்வது இதைத்தான்: ஒரு சோதனைத் தளத்தில் ஐந்து தீம்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் எது போகிறது, எது நிற்கிறது என்று எழுதி வையுங்கள். வீடியோ பார்த்து மூன்று மணி நேரத்தில் வராத தெளிவு அரை மணியில் வரும்.

படங்கள் மட்டும் இந்தக் கணக்கில் கொஞ்சம் தனி. படத்தின் பெயர், விளக்கம் எல்லாம் தரவுத்தளத்தில். படம் என்னவோ உண்மையான கோப்பாகவே சர்வரில், ஆண்டும் மாதமுமாகப் பிரித்த ஃபோல்டர்களில். அதுவும் ஒரு கோப்பாக இருக்காது. ஒரு படம் ஏற்றினால் 150, 300, 768, 1024 பிக்சல் என்று பல அளவுகளில் நகல்கள் தானாக உருவாகும், கைபேசியில் பார்ப்பவருக்குச் சிறியதையும் பெரிய திரையில் பார்ப்பவருக்குப் பெரியதையும் அனுப்புவதற்காக. ஆகவே பேக்கப் என்றால் இரண்டும் வேண்டும், தரவுத்தளமும் கோப்புகளும். நான் பல வாரம் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன், அதில் என் எழுத்து ஒரு வரிகூட இல்லை என்பது தெரியாமல்.

இனி எழுதுகிறவர்கள் தினமும் தொடுகிற விஷயங்களுக்கு வருகிறேன். பதிவுக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எல்லா வழிகாட்டிகளும் சொல்லும், அதனால் சுருக்கமாக: தேதியோடு வரிசையில் சேர வேண்டியது பதிவு, எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியது பக்கம். முகப்பில் அண்மைப் பதிவுகள் வர வேண்டுமா, ஒரு நிலையான பக்கம் வர வேண்டுமா என்பது அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பகுதியில் இருக்கிறது. அதே பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு பெட்டியும் இருக்கிறது. தளம் கட்டி முடிக்கும்வரை அதை டிக் செய்து வைத்திருந்துவிட்டு, அப்புறம் எடுக்க மறந்துபோகிறவர்கள் நிறைய. தளத்தைத் திறந்து விடுகிற அன்று அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வகையும் குறிச்சொல்லும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் செய்த தவறைச் சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தது. வகைகளுக்குள் உள்வகைகள் வைக்கலாம், குறிச்சொற்களுக்கு அப்படிக் கிளை கிடையாது, அவை எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பவை. ‘கோள்கள்’ ஒரு வகை, அதற்குள் ‘வியாழன்’ ஓர் உள்வகை. 1610 ஜனவரியில் கலிலியோ தன் தொலைநோக்கியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கதையை எழுதினால் அது அந்த வகையில் சேரும். ‘கலிலியோ’, ‘தொலைநோக்கி’ இரண்டும் குறிச்சொற்கள், ஏனென்றால் கலிலியோ நிலாவைப் பற்றிய கட்டுரையிலும் வருவார், சூரியப் புள்ளிகள் பற்றிய கட்டுரையிலும் வருவார். வெவ்வேறு வகைகளில் கிடக்கிற கட்டுரைகளைக் குறுக்காகக் கோக்கிற நூல் அது. நான் என்ன செய்தேன் என்றால், கட்டுரையில் வந்த சொற்களையெல்லாம் குறிச்சொல்லாக்கினேன். ‘வானம்’, ‘இரவு’, ‘அறிவியல்’, ‘அற்புதம்’. இருபது கட்டுரைகளுக்கு நூறு குறிச்சொற்களுக்கு மேல். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் வேர்ட்பிரஸ் ஒரு தனிப் பட்டியல் பக்கம் உருவாக்கும். அதில் முக்கால்வாசிப் பட்டியல்களில் ஒரே ஒரு கட்டுரை. வாசகர் ஆர்வமாக அழுத்துகிறார், தான் இப்போது படித்து முடித்த கட்டுரையே மறுபடி வந்து நிற்கிறது. ஒருவர் மின்னஞ்சலில் இதை மென்மையாகச் சுட்டிக்காட்டியபோது வருத்தமாக இருந்தது. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: குறைந்தது மூன்று கட்டுரைகள் அதன்கீழ் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் குறிச்சொல் கிடையாது.

எடிட்டர். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் எழுதுவது துண்டு துண்டாக, பிளாக் பிளாக்காக. ஒரு பத்தி ஒரு பிளாக், ஒரு படம் ஒரு பிளாக். பழைய எடிட்டரில் பழகியவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஒரு பத்தியைப் பிடித்து மேலே நகர்த்தும் வசதி பழகியபின் நான் திரும்பிப் போக விரும்பவில்லை. இங்கே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துணைத்தலைப்பு வேண்டுமென்றால் தலைப்பு பிளாக் பயன்படுத்துங்கள், பத்தியைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக்கித் தலைப்பு போலக் காட்டாதீர்கள். கண்ணால் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானோடு வரும்போது, அவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் நீண்ட கட்டுரைக்குள் வழி கண்டுபிடிக்கிறார். வெறும் தடித்த எழுத்து அவருக்குத் தலைப்பாகாது. படத்துக்கு மாற்று உரை எழுதுவதும் அப்படியே. ‘படம் 3’ என்று எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்? ‘வியாழனுக்கு அருகே ஒரே கோட்டில் நான்கு சிறு ஒளிப்புள்ளிகள்’ என்று எழுத இருபது நொடி ஆகுமா?

இப்போது தமிழ் போன்ற மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு வருகிற ஒரு சிக்கல். ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி நான் படித்ததே இல்லை, தானாகத் தடுமாறித்தான் கண்டுபிடித்தேன்.

‘வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளும் கலிலியோவின் தொலைநோக்கியும்’ என்று ஒரு தலைப்பு வைத்தேன். பதிவின் முகவரியை வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானே உருவாக்கும். வெளியிட்டபின் முகவரியைப் பார்த்தால் ‘வியாழனைச்-சுற்றும்-நான்க’ என்று பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. கடைசி உகரம்கூட இல்லை. ஏன் என்று தேடிப் போனபோது கணக்கு பிடிபட்டது. முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது, சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக மாற்றப்பட்டுத்தான் போகும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஒரு பைட்டை எழுத 3 இடம், ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். அதுவும் ‘கு’ என்பது யூனிகோடில் க ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள், அதற்கு 18 இடம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியாக 9. தரவுத்தளத்தில் முகவரிக்கு ஒதுக்கிய கட்டமோ மொத்தம் 200 இடம். எனவே 22 குறியீடுகளைத் தாண்டினால் வெட்டு விழும். ஆங்கிலத்தில் 200 எழுத்துக்குத் தலைப்பு வைப்பவர் அரிது. தமிழில் மூன்றாவது சொல்லிலேயே கத்தி வந்துவிடுகிறது. தொடர் எழுதுகிறவர்களுக்கு இன்னும் மோசம். தலைப்பின் முடிவில் இருக்கும் ‘பகுதி 1’, ‘பகுதி 2’ எல்லாம் வெட்டில் போய்விடும், எல்லாப் பகுதிக்கும் ஒரே முகவரி வருகிறதே என்று வேர்ட்பிரஸ் தானாகவே பின்னால் 2, 3 என்று எண் ஒட்டும். நீங்கள் நான்காம் பகுதியை மூன்றாம் பகுதிக்கு முன்னால் சேமித்திருந்தால் எண்கள் இடம் மாறிப்போகும்.

அரட்டைச் செயலிகளில் பகிரும்போது இந்த முகவரி பல இடங்களில் அரைப்பக்கத்துக்குப் புரியாத குறிகளாக நீள்வதையும் பார்த்திருப்பீர்கள். அதனால் இப்போது ஒவ்வொரு பதிவிலும் வெளியிடுவதற்கு முன் முகவரியைக் கையாலேயே சுருக்குகிறேன். சிலர் ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள், அது சிக்கலே இல்லாத வழி. எனக்குத் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று ஆசை, அதனால் ‘வியாழன்-நிலவுகள்’ என்று இரண்டே சொல். 15 குறியீடு, நடுவில் ஒரு கோடு, மொத்தம் 136 இடம். தாராளமாகப் பொருந்துகிறது. வெளியான பதிவின் முகவரியைப் பின்னால் மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பிவிடும். பக்கங்களுக்கு அந்த வசதி இல்லை, பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழைய இணைப்பு உடையலாம். ஆகவே பக்கங்களுக்கு முதலிலேயே யோசித்து வையுங்கள்.

முகவரி என்றதும் அந்த இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது. அமைப்புகளில் ‘பொது’ பகுதியில் இரண்டு கட்டங்கள் இருக்கும், ஒன்று வேர்ட்பிரஸ் முகவரி, மற்றொன்று தள முகவரி. தளத்தைப் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்ற வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டிலும் எச்டிடிபி என்பதன் பின்னால் ஓர் எஸ் சேர்த்துச் சேமித்தேன். சர்வரில் அதற்கான சான்றிதழ் இன்னும் போடவில்லை. சேமித்த அடுத்த நொடி தளம் திறக்கவில்லை. டாஷ்போர்டுக்குள், அதாவது தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் மாற்றிவிடலாம் என்றால் லாகின் பக்கமும் அதே திறக்காத முகவரிக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. கதவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்ட கதை. கை நடுங்கியது, உண்மையாகவே.

ஆனால் அதற்குள் ஒன்று தெரிந்திருந்தது: அமைப்புகளில் நான் மாற்றுகிற எதுவும் கடைசியில் தரவுத்தளத்தில் ஒரு வரிசைதான். அப்படியானால் டாஷ்போர்டு இல்லாமலே அந்த வரிசையை மாற்ற முடியும். பிஎச்பிமைஅட்மின் திறந்தேன். ‘ஆப்ஷன்ஸ்’ என்று முடிகிற அட்டவணை. அதில் ‘சைட்யூஆர்எல்’, ‘ஹோம்’ என்ற இரண்டு வரிசைகளையும் கண்டுபிடித்து அந்த எஸ்ஸை எடுத்தேன். தளம் வந்துவிட்டது. மொத்தம் ஏழெட்டு நிமிடம். முதல் வாரத்தில் இது நடந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. (அட்டவணையில் கைவைக்க விருப்பமில்லாதவர்கள் வேர்ட்பிரஸின் ‘கான்ஃபிக்’ கோப்பில் இரண்டு வரி சேர்த்தும் அந்த முகவரிகளைத் திணிக்கலாம். பலன் ஒன்றே.)

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு வரிசைகளை மாற்றுவது பாதுகாப்பானது என்பதால், டொமைன் மாறும்போது மொத்தத் தரவுத்தளத்திலும் பழைய முகவரியைத் தேடிப் புதியதாக மாற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். தீமும் பிளகின்களும் தங்கள் அமைப்புகள் பலவற்றை ஒரே சரமாகக் கட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் நீளத்தையும் சேர்த்து எழுதி வைக்கின்றன. முகவரியின் நீளம் மாறி, பக்கத்தில் எழுதிய எண் மாறாமல் நின்றால் அந்தச் சரத்தை வேர்ட்பிரஸால் படிக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, அவற்றையே நம்புங்கள்.

பிளகின்கள் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். என் கருத்து மட்டும்: தொடக்கத்தில் மூன்று போதும், பேக்கப்புக்கு ஒன்று, தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, எரிதத்தை, அதாவது ஸ்பாமைத் தடுக்க ஒன்று. நிறுவும் ஒவ்வொரு பிளகினும் உங்கள் தளத்தின் எல்லா அறைகளுக்கும் போய்வரும் உரிமையோடு ஓடுகிற வேறொருவரின் நிரல். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எந்தப் பதிப்பு வரை சோதித்திருக்கிறார்கள் என்பதை நிறுவும் முன்பே அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். வேண்டாதவற்றைச் செயல்நீக்கம் செய்து விட்டுவிடாமல் அழித்துவிடுங்கள், சும்மா கிடக்கிற நிரலிலும் ஓட்டை இருக்கும். ஏதாவது ஒரு பிளகின் தளத்தையே கவிழ்த்துவிட்டால், 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கு ஒரு மீட்பு இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். ஆகவே நிர்வாகியின் மின்னஞ்சல் முகவரி நீங்கள் தினமும் பார்க்கிற ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் வராவிட்டாலும் எஃப்டிபியில் போய் அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் அது தானாக நின்றுவிடும்.

பயனர் பாத்திரங்கள் ஐந்து: நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர். தனியாளாக நடத்துகிற தளத்திலும் நான் தினமும் எழுதுவது தொகுப்பாளர் கணக்கில்தான், நிர்வாகிக் கணக்கைப் பராமரிப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தவறுதலாக எதையாவது அழுத்தினாலும் தீமுக்கோ அமைப்புகளுக்கோ சேதம் வராது.

இன்னொரு குழப்பம், பெயரில் உள்ளது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது கட்டற்ற மென்பொருள், இறக்கி எந்த ஹோஸ்டிங்கிலும் நிறுவிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் நடத்தும் சேவை, கணக்கு தொடங்கினால் அவர்கள் சர்வரிலேயே எழுதலாம். நான் இவ்வளவு நேரம் பேசியது முதல் வகையைப் பற்றி. பழகிப் பார்க்க ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கணினியையே ஒரு சர்வர் போல இயக்கும் எக்ஸாம்ப் போன்ற ஒன்றை நிறுவி உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். அதுவும் வேண்டாமென்றால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் ஓடும், உடைத்தால் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தால் போதும். உடைத்துப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ட்ரூப்பல், ஜூம்லா போன்ற வேறு சி.எம்.எஸ்.களுக்குப் போனாலும் பெயர்கள்தான் மாறும், உள்ளடக்கம் ஓரிடம், வார்ப்புரு ஓரிடம், அமைப்புகள் ஓரிடம் என்ற அடிப்படை அங்கேயும் அதுதான்.

போன மாதம் சித்தி மகள் அழைத்தாள். அவளும் தன் மொழிபெயர்ப்புகளுக்காக ஒரு தளம் தொடங்கியிருக்கிறாள். “அக்கா, கட்டுரையை வெளியிட்டுவிட்டேன், தளத்தில் வரவே மாட்டேன் என்கிறது, அழிந்துபோய்விட்டதா?” அவள் குரலில் பழைய என்னையே கேட்டேன். முதலில் குப்பையில் பார்க்கச் சொன்னேன், அழித்தவை அங்கே 30 நாள் இருக்கும். அங்கே இல்லை. பதிவுகளின் பட்டியலில் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“திட்டமிடப்பட்டது என்று இருக்கிறது அக்கா. நான் எதையும் திட்டமிடவில்லையே. நேரத்தை மட்டும் இன்று மாலை 6 மணி என்று நானே போட்டேன், 6 மணி தாண்டிவிட்டது.”

அமைப்புகளில் ‘பொது’ பகுதிக்குப் போய் நேர மண்டலம் என்னவென்று பார்க்கச் சொன்னேன். யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நிறுவியபின் அதை யாரும் தொடவே இல்லை. அவள் கடிகாரத்தில் 6 மணி தாண்டிவிட்டது, தளத்தின் கடிகாரத்தில் இன்னும் பகல்தான், ஆகவே அவள் குறித்த 6 மணி அதற்கு எதிர்காலம். கட்டுரை தன் முறைக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. நேர மண்டலத்தைத் திருத்திவிட்டு, ‘உடனே வெளியிடு’ என்று மாற்றினாள். வந்துவிட்டது. வேர்ட்பிரஸில் திட்டமிட்ட பதிவுகள் யாராவது தளத்துக்கு வந்து எட்டிப்பார்த்தால்தான் நேரத்தைச் சரிபார்த்து வெளியாகும், ஆளில்லாத புதுத் தளத்தில் அதனாலும் தாமதமாகலாம் என்பதையும் சொல்லிவைத்தேன்.

“சரி அக்கா, அப்போது இந்த நேரம், தேதி எல்லாம் எங்கே சேமித்து வைக்கிறது?” என்று கேட்டாள். பிஎச்பிமைஅட்மின் திறக்கச் சொன்னேன்.